மூன்றரை மணிப் படகு

என் அன்பான மச்சாளுக்கு,

அன்றைக்கு அந்தத் தீவில் நின்றவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு ஆரும் வந்து நானும் நின்றேன், நானும் கண்டேன் என்று கதை அளக்கக் கூடாது. என் தம்பி குணம், உங்கள் மனுசன். என் மகள் வதனி. மருமகன் சிறீ. அவர்களுடைய பிள்ளைகள் ஆரணி, அகரன். நான். நீங்கள். ஏழு பேர். எங்களை ஏற்றி இறக்கிய ஜேர்மன்காரப் படகுக்காரர் துறையோடு திரும்பிவிட்டார், அவரைச் சேர்க்கவில்லை.

நீங்கள் போய் ஒரு வருசம் முடிந்து, திவசமும் முடிந்து, இன்றைக்கு இருபதாம் நாள். குசினி மேசையில் இருந்துதான் எழுதுகிறேன். என் எழுத்து உங்களுக்குத் தெரியும்தானே, ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்து. வதனி இதை ரைப் பண்ணி, லண்டன், கனடா, ஊர் என்று எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அனுப்புவாள். "அம்மா, பிழையளைத் திருத்தி அடிக்கட்டோ?" என்று பயந்து பயந்து கேட்டாள். திருத்து என்றேன். நம்பாமல் இன்னொருக்காக் கேட்டாள்.

ஏன் எல்லாருக்கும் என்றால், சிறீயைப் பற்றி எல்லாருக்கும் சொன்னவள் நான். உங்களைச் சாகக் கொடுத்தது என் மருமகன்தான் என்று ஒரு வருசமாக ரெலிபோனில் சொன்னேன். கோயிலில் சொன்னேன். செத்த வீட்டுக்கு வந்த சனத்துக்கு வாசலில் வைத்தே சொன்னேன். சொன்னதை ஒவ்வொரு ஆளாகப் பிடித்துத் திருப்பி எடுக்க எனக்கு நாள் காணாது. அதனால்தான் கடிதம்.

வீட்டுப் புதினம் என்னவென்றால், தம்பி நல்லாய் மெலிந்துவிட்டான். உங்கள் ரெலிபோனை இன்னும் ஒவ்வொரு நாளும் சார்ஜ் போடுகிறான். ஏனடா என்று கேட்டால் "கிடக்கட்டும் அக்கா" என்கிறான். நீங்கள் வேலை செய்த முதியோர் இல்லத்திலிருந்து ஒரு அட்டை வந்தது, பதினொரு பேர் கையெழுத்து வைத்து. வதனி வாசித்துச் சொன்னாள். ஆனால் அவள் எழுதியிருக்கிறதை மட்டும்தான் வாசிக்கிறாள், மச்சாள். நீங்கள் வாசித்தால் அவர்கள் எழுதாமல் விட்டதையும் சேர்த்தல்லவா வாசிப்பீர்கள்?

எனக்கு அழுகை வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் எப்படிக் கிடக்கும், அப்படி ஒரு வருசமாக முழு உடம்பும் கிடக்கிறது. தொட்டால் தெரிகிறது, நோகவில்லை. சமைக்கிறேன், தின்கிறேன், தொங்கு ரயிலில் ஏறிக் கோயிலுக்குப் போய் வருகிறேன். கோபம் ஒன்றுதான் எனக்குள் வேலை செய்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழும்பினேன்.

அந்தத் தீவுக்கு முதன்முதல் போனது நினைவிருக்கிறதா? பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால். உங்களோடு வேலை செய்த ஒரு பெட்டை சொன்னாள் என்று கதையைக் கொண்டுவந்ததே நீங்கள்தான். வடக்கே ஒரு ஏரி, ஏரிக்குள் சின்னத் தீவு, கடை இல்லை, கார் இல்லை, பத்துப் பன்னிரண்டு கூடாரம் போட இடம், ஒரு கக்கூசு, ஒரு தண்ணீர்க் குழாய். படகுக்காரர் கொண்டுபோய் விட்டால், திரும்பி வந்து ஏற்றும் வரைக்கும் எங்கள் பாடு. நான் ஊருக்கு ரெலிபோன் எடுத்து, "வாற கிழமை எல்லாரும் காம்புக்குப் போறம்" என்று பெரியம்மாவுக்குச் சொல்லிப்போட்டேன். எங்கள் ஊரில் காம்ப் என்றால் ஆமிக்காரன் இருக்கிற இடமல்லவா? மனுசி பதறிப்போய், "ஐயோ பிள்ளை, ஆரைப் பிடிச்சவங்கள்? அங்கையுமோ?" என்று கேட்டா. நீங்கள் ரெலிபோனைப் பறித்து, "இல்லை மாமி, ஒருத்தரும் பிடிக்கேல்லை, நாங்களாத்தான் போறம்" என்றீர்கள். தானாக ஆரும் காம்புக்குப் போவார்களோ என்று அவ சாகும் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தா.

பிறகு ஒரு வருசமும் விடவில்லை. ஆவணியில் ஒரு வெள்ளி போய் ஞாயிறு திரும்புவோம். புட்டுக் குழல், இடியப்ப உரல், காஸ் அடுப்பு, கருவாடு. முதல் வருசம் நாங்கள் கருவாடு பொரிக்க, பக்கத்துக் கூடாரத்து ஜேர்மன்காரப் புருசனும் பெண்சாதியும் எழும்பித் தீவைச் சுற்றி நடக்கப் போனார்கள். மூன்றாம் வருசம் அதே ஆட்கள் தட்டோடு வந்து நின்றார்கள். கூடாரத்தை நீங்கள் துறைக்குக் கிட்டப் போடுவோம் என்பீர்கள், நான் மரத்துக்குக் கீழே என்பேன். பன்னிரண்டு வருசமும் மரத்துக்குக் கீழேதான் போட்டோம்.

என்னோடு நீங்கள் இழுபறிப்படாததற்குக் காரணம் இருக்கிறது. அதையும் எழுதத்தான் வேண்டும், இல்லாவிட்டால் வாசிக்கிறவர்களுக்கு மிச்சம் விளங்காது.

வதனி ஏழாம் வகுப்பில் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தது. எனக்குத் துணைக்கு நீங்கள் வந்தீர்கள். உங்களுக்கு நல்ல ஜேர்மன், படித்து அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்படிப்பு முடித்த ஜேர்மன். ஆனாலும் நானே கதைக்கிறேன் என்று எழும்பினேன். மகள் கணக்கில் பலவீனம் என்று சொல்ல வேண்டும். 'ஷ்வாக்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ஷ்வாங்கர்' என்று சொல்லிப்போட்டேன். மகள் கணக்கில் கர்ப்பமாக இருக்கிறாள். ரீச்சர் வாயைப் பொத்தினா. நீங்கள் விழுந்து விழுந்து சிரித்து, அங்கே இருந்த அத்தனை தாய் தகப்பனுக்கும் கேட்கத் திருத்தினீர்கள். முழு அறையும் சிரித்தது.

மூன்று வருசம் நான் உங்களோடு கதைக்கவில்லை. தம்பி வீட்டுப் படி மிதிக்கவில்லை. வருசப் பிறப்புக்கு நீங்கள் கொடுத்துவிட்ட அரியதரப் பலகாரத்தைப் பெட்டி திறக்காமல் திருப்பி அனுப்பினேன். மூன்று தரம் வந்து கதவைத் தட்டினீர்கள், உள்ளுக்கு இருந்துகொண்டே திறக்காமல் விட்டேன். கடைசியில் எனக்குப் பித்தப்பை ஒப்பரேசன் நடந்து, கண் முழிக்கக் கட்டிலடியில் நீங்கள் இருந்தீர்கள். எழும்பிப் போக ஏலாமல் கதைத்தேன். நான் மறக்கிற ஆள் இல்லை. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

சரி, அந்த வெள்ளிக்கிழமைக்கு வாறன். சிறீயும் தம்பியும் கூடாரப் பைகளோடு முன்னுக்குப் போய்விட்டார்கள், வதனி பிள்ளைகளோடு பின்னால் போனாள். துறையில் கடைசியாக நின்றது நீங்களும் நானும். படகுக்காரர் எஞ்சினைத் திருப்பிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஏற்ற வருவது 'ஹால்ப் ஃபியர்' என்றார். நான் 'யா, யா' என்று கை காட்டினேன்.

ஹால்ப் ஃபியர். அரை நாலு. எங்கள் காதுக்கு அது நாலும் அரையும், நாலரை. ஜேர்மன்காரருக்கு அது நாலாவது மணியில் பாதி, மூன்றரை. முப்பத்திநாலு வருசம் இந்த நாட்டில் இருக்கிறேன், எனக்கு இது தெரியாமல் இல்லை. பள்ளிக்கூடக் குசினியில் தட்டுக் கழுவிய காலத்தில் ஒவ்வொரு நாளும் கேட்ட சொல். அன்றைக்குக் காது ஒன்றைக் கேட்க வாய் வேறொன்றைச் சொன்னது. மரத்தடிக்கு வந்து எல்லாருக்கும் அறிவித்தேன், ஞாயிறு நாலரைக்குப் படகு.

சிறீ கொப்பியை எடுத்தார். மின்சார வேலை செய்கிற பிள்ளை, எல்லாவற்றையும் எழுதி வைக்கிற ஆள். "நாலரையோ மாமி? வடிவாக் கேட்டனீங்களோ?" என்றார்.

"எனக்கு என்ன, காது செவிடோ?"

எழுதிக்கொண்டார். நீங்கள் என் பக்கத்தில்தான் நின்றீர்கள். குனிந்து பையைத் திறந்து புட்டுக் குழலைத் தேடினீர்கள்.

ஞாயிறு நல்ல வெக்கை. மத்தியானச் சாப்பாடு முடிய சிறீயும் வதனியும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தீவின் மற்றப் பக்கம் நீந்தப் போனார்கள். தம்பி பாயில் கிடந்தான். நீங்கள் ரெண்டரை மணிக்கே எழும்பிக் கூடாரத்து ஆணிகளைப் பிடுங்கத் தொடங்கினீர்கள். என்ன அவசரம் என்று கேட்டேன். மழை வரும் போல கிடக்கு என்றீர்கள்.

"எங்கை மழை? வானத்திலை ஒரு பொட்டு முகில் இல்லை. விசரே உங்களுக்கு? நாலரைக்குத்தானே, இருங்கோ, தேத்தண்ணி வைக்கிறன்."

நீங்கள் இருக்கவில்லை. வேர் வேராகக் கிடக்கிற அந்தப் பாதையால் பையும் பெட்டியுமாகத் துறைக்கு நடந்தீர்கள். நெஞ்சுக்கு மாத்திரை போடுகிற ஆள். மூன்று தரம் போய் வந்தீர்கள். நான் எண்ணிக்கொண்டு இருந்தேன். எழும்பி ஒரு பையைத் தூக்கவில்லை. நாலாம் தரம் போய் வரக் கனநேரம் எடுத்தது. வந்து மரத்தடியில் குந்தித் தண்ணீர் கேட்டீர்கள். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

"இப்ப தெரியுதோ, அவசரப்பட்டதுக்கு?"

"ஓம் மச்சாள், தெரியுது."

அதுதான் நீங்கள் கடைசியாகச் சொன்னது. கோப்பை விழுந்தது, பிறகு நீங்கள் சரிந்தீர்கள்.

நான் கத்த, தம்பி எழும்பினான். சிறீ ஈரக் காற்சட்டையோடு ஓடி வந்து உங்கள் நெஞ்சை அமத்தத் தொடங்கினார். வதனி அவசர நம்பருக்கு அடித்தாள். மீட்புப் படகு ஏரியின் அடுத்த முனையிலிருந்து வர வேண்டும். வந்தது. ஏற்றிக்கொண்டு போனது. அது போன கையோடு எங்கள் படகுக்காரர் சரியாக நாலரைக்குத் துறையில் வந்து நின்றார். நான் சொன்ன நேரம். அதனால் என் காதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. திரும்பும்போது சிறீ முன்னுக்கு நின்று அவரோடு ஏதோ கதைத்துக்கொண்டு வந்தார். என்ன என்று நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் வெளியே வந்து, முடிந்துவிட்டது என்றார். தீவில் இல்லாமல் கரையில் நின்றிருந்தால் ஏதாவது செய்யக்கூடியதாக இருந்திருக்கலாம் என்றும் சொன்னார். அந்த ஒரு சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். பதினொரு வருசமாக மூன்றரைக்கு வந்த படகு, இந்த வருசம் மட்டும் ஏன் நாலரைக்கு வந்தது? ஒழுங்கு பண்ணினது ஆர்? சிறீ. பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் நீந்த வேணும் என்று அழுதது ஆரிடம்? சிறீயிடம். அந்த நடையிலேயே வைத்துக் கேட்டேன், பிள்ளையள் நீந்தட்டும் எண்டு நேரத்தைப் பிந்திப் போட்டு என்ரை மச்சாளைக் கொன்றுபோட்டீரோ என்று. அவர் என்னைப் பார்த்தார். தலையைக் குனிந்தார்.

நேரத்தை மாற்றினவர் ஏன் 'நாலரையோ மாமி' என்று கேட்பார்? அதை நான் ஒரு வருசமாக யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை.

அந்த வருசம் எப்படிப் போனது என்று கேட்காதேங்கோ. அவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. அவர் இருந்தால் அந்த அறையில் நான் இருக்கவில்லை. வதனி தாய்க்கும் மனுசனுக்கும் நடுவில் ஓடித் திரிந்து பாதியாய்ப் போனாள். திவசத்தன்று காலையில் வந்து, இனி அவர் வராத வீட்டுக்குத் தானும் வரமாட்டேன், பிள்ளைகளும் வரமாட்டார்கள் என்று சொன்னாள். சத்தம் போடாமல், புதினம் சொல்வது போல சொன்னாள். சரி என்றேன். அதுகூட நோகவில்லை.

ஐயர் போன பிறகு தம்பி வீட்டில் இலை போட்டோம். நான்தான் சோறு போட்டேன். சிறீயின் இலைக்கு வந்ததும் தாண்டிப் போனேன். வதனி எழும்பி என் கையிலிருந்து அகப்பையை வாங்கினாள். அப்போதுதான் தம்பி, சோறு பிசைந்த கையோடு, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னான்.

"அக்கா, சிறீ நேரம் மாத்தேல்லை. படகு மூண்டரைக்குத்தான். படகுக்காரர் ஹால்ப் ஃபியர் எண்டவர், நீங்கள்தான் நாலரை எண்டு சொன்னனீங்கள். உங்கடை மச்சாளுக்கு வெள்ளிக்கிழமையே தெரியும்."

"தெரிஞ்சால் ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் கதைக்கமாட்டியள் எண்டு."

பிறகு மிச்சத்தையும் சொன்னான். வெள்ளி பின்னேரம் குழாயடியில் வைத்து அவனுக்குச் சொன்னீர்களாம்: "பிள்ளையளுக்கு முன்னாலை திருத்தினால் மச்சாளுக்கு வெக்கமாப் போடும். போன முறை மூண்டு வருசம் போச்சு. எனக்கு இப்ப அறுபத்தாறு. இன்னொரு மூண்டு வருசம் குடுக்க என்னட்டை இல்லை. நீங்கள் பேசாமல் இருங்கோ, ஞாயிற்றுக்கிழமை நான் மெல்ல எல்லாரையும் வெளிக்கிடுத்திவிடுறன்." அவனும் பேசாமல் இருந்தான். அக்காவோடு ஆர் மல்லுக்கட்டுகிறது என்று பாயில் படுத்தான். உங்களுக்குக் கொடுத்த வாக்கு என்று பிறகும் ஒரு வருசம் வாய் திறக்கவில்லை.

அடுத்த நாள் தொங்கு ரயில் எடுத்துச் சிறீ வீட்டுக்குப் போனேன். அவர்தான் கதவைத் திறந்தார். எப்படித் தொடங்குவது என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு போனேன், ஒன்றும் உதவவில்லை.

"தம்பி, பிழை என்ரை."

"தெரியும் மாமி. உள்ளுக்கு வாங்கோ" என்றார்.

அவருக்குத் தெரியும். திரும்பும்போது படகிலேயே படகுக்காரர் சொல்லிவிட்டாராம். மூன்றரைக்கு அவர் வர, துறையில் நீங்கள் மட்டும் பைகளோடு நின்றீர்களாம். எங்கள் வீட்டில் நாலரை என்று விளங்கிவிட்டார்கள், தயவுசெய்து நாலரைக்கு இன்னொருக்கா வர ஏலுமோ என்று கேட்டீர்களாம். உங்கள் முகத்தைப் பார்த்து அவர் ஓம் என்றாராம். என் பிழை பிழையாகத் தெரியக் கூடாது என்று படகையே திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள், மச்சாள். உங்களை ஏற்றிக்கொண்டு கரைக்குப் போயிருக்க வேண்டிய படகு அது.

ஏன் ஒரு வருசமாகச் சொல்லவில்லை என்று சிறீயைக் கேட்டேன். "அவ அவ்வளவு பாடுபட்டு மறைச்சதை நான் என்னெண்டு மாமி சொல்லுறது?" என்றார். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். இந்த வருசமும் தீவுக்குப் போவமோ என்று பிள்ளைகள் கேட்கிறார்கள் என்றார். கோப்பையைக் கீழே வைத்தேன். பிறகு ஓம் என்றேன்.

இதை வாசிக்கிற எல்லாருக்கும் சொல்கிறேன். சிறீ ஒரு பிழையும் செய்யவில்லை. நேரத்தைப் பிழையாகச் சொன்னது நான். மீட்புப் படகு வரும் வரைக்கும் அந்தப் பிள்ளையின் கை என் மச்சாளின் நெஞ்சிலிருந்து எடுபடவில்லை. அதைக் கண்ணால் கண்டும் நான் ஒருவருக்கும் சொல்லாமல் விட்டேன். இனி ஆரும் அவரைப் பற்றி என்னிடம் ஒரு கதை கொண்டுவர வேண்டாம்.

உங்களுக்கு ஒரு சொல் தருகிறேன், மச்சாள். இந்த ஆவணி முடிய முதல் போவோம். அங்கேயென்றாலும் சரி, இங்கே கடைத்தெருவில் என்றாலும் சரி, சின்னப்பிள்ளை என்றாலும் சரி, ஆரும் என் பிழையைத் திருத்தினால் கேட்டுக்கொண்டு இருப்பேன். எழும்பிப் போகமாட்டேன். இது சத்தியம்.

தம்பியை மன்னித்துவிட்டேன், அவன் பாயில் கிடந்ததையும் சேர்த்து. படகுக்காரரில் மன்னிக்க ஒன்றும் இல்லை. என்னை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, அதற்கு நாள் கிடக்கிறது. ஒருவரை மட்டும் என்னால் ஏலாது. திருத்தியிருக்க வேண்டும். எல்லாருக்கும் முன்னால், விழுந்து விழுந்து சிரித்துத் திருத்தியிருக்க வேண்டும். நான் கோபித்துக்கொண்டு போயிருப்பேன். மூன்று வருசம் கதைக்காமல் இருந்திருப்பேன். நாலாம் வருசம் கதைத்திருப்பேன், நீங்கள் இருந்திருப்பீர்கள். அதைச் செய்யாமல் போன உங்களை நான் மன்னிக்கமாட்டேன், யோகராணி.

உங்கள் மச்சாள்,
தவமணி